முடக்குவாதமா? இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கிறீர்களா? நம் நோய் எதிர்ப்பு அணுக்களே மூட்டுகளைத் தாக்கும் நோயான முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, அழற்சியை (வீக்கம், வலியை) தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் விடியற்காலையில்தான் இரத்தத்தில் உச்சம் தொடுகிறது. நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதில் வெளிச்சத்துக்கு அடுத்தபடி சாப்பாட்டு நேரத்துக்கும் பங்கு உண்டு. குடலில் வாழும் பாக்டீரியாக்களும் நாம் உண்ணும் வேளையை ஒட்டியே பெருகிக் குறைகின்றன.

அந்தக் குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டு. புதிதாக இந்நோய் வந்தவர்களின் குடலில் பிரிவோட்டெல்லா காப்ரி என்ற பாக்டீரியா மிகுந்திருப்பதை நியூயார்க் ஆய்வாளர்கள் 2013இல் கண்டார்கள். அது காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நார்ச்சத்தை உண்டு வாழும் நல்ல பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. அது குடல்சுவரைக் காத்து, நோய் எதிர்ப்பு அணுக்களின் ஆவேசத்தைத் தணிக்கிறது.

ஆகவே தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். இரவில் பத்து மணிக்குப் பரோட்டா வேண்டவே வேண்டாம். கீரை, சுண்டல், முழுத்தானியம் பகலிலேயே வயிற்றுக்குள் போகட்டும். பிறகு காலை வரை பன்னிரண்டு மணி நேரம் குடலுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகக்கூடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு இடைவெளியை நீட்டக் கூடாது.