தள்ளுபடி விலையில் இணையத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டிய வரியும் உரிமையும்

பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை. ஆகவே அதில் பாதியைத் தள்ளுபடி செய்வதாக விளம்பரம் செய்துவிட்டு, பணம் செலுத்தும் கட்டத்தில் வரியைத் தனியே ஏற்றுவது முறையல்ல. வாட் வரி இருந்த காலத்திலேயே இத்தகைய வசூல் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது.

விற்கும்போதே தரப்பட்டுப் பில்லில் காட்டப்படும் தள்ளுபடியைக் கழித்த பிறகு எஞ்சும் தொகைக்குத்தான் ஜிஎஸ்டி கணக்கிட வேண்டும். ஆடைகளுக்கு இதில் கூடுதல் ஆதாயமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆடையின் வரி சேர்க்காத விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் என்பதே நடைமுறை. 3,540 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள சட்டையை அதே விலைக்கு விற்றால் அதில் 540 ரூபாய் வரி. தள்ளுபடியில் 2,100 ரூபாய்க்கு விற்றால் 2,000 ரூபாய் விலை, 100 ரூபாய் வரி என்று பில் வர வேண்டும். விற்பனையாளர் வேறு மாநிலத்தவர் என்றால் அந்த 100 ரூபாய் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்குரிய வரி) என்று ஒரே வரியாகவும், தமிழ்நாட்டிலேயே இருந்து இங்கேயே அனுப்பினால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 50, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 50 என்று இரண்டாகவும் இருக்கும், மொத்தம் மாறாது. பழைய விலைக்குரிய 18 சதவீதமே பில்லில் இருந்தால் உடனே கேள்வி கேளுங்கள்.

வங்கி அட்டைக்குக் கிடைக்கும் கேஷ்பேக் இந்தக் கணக்கில் சேராது. அதை வங்கி தருகிறது; விற்பனையாளரின் விலை குறையவில்லை, ஆகவே வரியும் குறையாது. இரண்டையும் கூட்டி 'மொத்தச் சேமிப்பு' என்று திரையில் பெரிதாகக் காட்டுவதை நம்பி வாங்குவது சரியான கணக்காகாது.

பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில்தான் நிதானம் வேண்டும். டெலிவரி, கையாளுதல் கட்டணம், வரி ஆகியவற்றை மொத்த விலையோடு பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. நீட்டித்த வாரண்டி, நன்கொடை போன்றவற்றுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் தடைசெய்யப்பட்டவை. அந்தப் பக்கத்தையும் பொருளின் விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்பனை முடிந்ததும் அவை மாறிவிடக்கூடும்.

பொருள் வந்ததும், தளத்தில் குறுக்கே கோடிட்டு அடித்துக் காட்டிய விலையும் பொட்டலத்தில் அச்சான எம்.ஆர்.பி.யும் ஒன்றா என்று பாருங்கள். 4,999 என்று அடித்துக் காட்டிவிட்டு, உள்ளே 2,499 என்று அச்சிட்ட பொருள் வந்தால், அந்தத் தள்ளுபடி வெறும் காட்சிதான். 'தள்ளுபடிப் பொருளுக்குத் திரும்பப் பெறுதல் இல்லை' என்ற வாசகமும் முழு உண்மையல்ல. மனம் மாறினால் திருப்பித் தரும் வசதியை விற்பனையாளர் மறுக்கலாம். ஆனால் பழுதானது, போலியானது, விளம்பரத்துக்கு மாறானது, சொன்ன தேதியைத் தாண்டி வந்தது ஆகியவற்றைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் மறுக்க முடியாது. திரும்பும் தொகையில் நீங்கள் கட்டிய வரியும் அடங்க வேண்டும். பில் தர மறுப்பதும் நேர்மையற்ற நடைமுறையே.

புகாரை முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு காண வேண்டும். பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.