சக்கர நாற்காலிக்கு மனுப் போடும் முன்

அம்மாவுக்கு பார்க்கின்சன், நடையை முடக்கும் நரம்பு நோய். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆனால் நன்றாகவே நடப்பார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மருத்துவக் குழு அவரைப் பார்த்தது சரியாக அந்த நேரத்தில்! அவர் படும் சிரமம் அவர்கள் கண்ணில் படவில்லை.

அதனால் நீங்கள் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, கட்டிலிலிருந்து பாத்ரூம் போக எத்தனை நிமிடம், எங்கே சுவரைப் பிடித்தார். நரம்பியல் மருத்துவரிடம் அதைக் காட்டி, நோயின் பெயரோடு இந்த விவரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்பார்கள். பார்க்கின்சனும், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலிலேயே இருக்கின்றன. சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. இழுத்தடித்தால், சென்னையில் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது.

அப்புறம், இஞ்ச் டேப். எங்கள் திருவல்லிக்கேணி வீட்டு பாத்ரூம் கதவு 24 அங்குலம்தான்; வந்த நாற்காலி வாசலிலேயே நின்றுவிட்டது. உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் வாங்கினால் அதே உபகரணத்தை மறுபடி கேட்க பெரியவர்கள் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். முதலிலேயே அளந்துவிடுங்கள்.