பிடிபி ஃபைலைத் திறக்கும் முன்

எங்கள் ஆய்வகத்தில் புரதம் படிப்பவர்களும் நிரல் எழுதுபவர்களும் ஒரே கம்ப்யூட்டரைத்தான் பகிர்ந்துகொள்கிறோம். அதனால் புள்ளிக்குப் பின் ‘பிடிபி’ என்று முடியும் ஃபைல் கண்ணில் பட்டால், அது யாருடையது என்று முதலில் பார்த்துவிடுவேன். உயிர்வேதியியலில் பிடிபி என்றால் புரோட்டீன் டேட்டா பேங்க். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1971-இல் தொடங்கிய புரத வடிவங்களின் களஞ்சியம். நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவில் அதுவே புரோகிராம் டேட்டாபேஸ். ஓடும் நிரலில் பிழை வந்தால், மூல நிரலின் எந்த வரியில் என்று காட்ட உதவுவது.

டபுள் கிளிக் வேண்டாம். விண்டோஸ் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. பெயரின் வாலை மட்டும் பார்த்து ஏதோ ஒரு மென்பொருளிடம் தள்ளிவிடும். நோட்பேடைத் திறந்து, ஃபைலை அதற்குள் இழுத்துப் போடுங்கள். ‘மைக்ரோசாஃப்ட் சி/சி++’ என்று தொடங்கி, பிறகு ஒரே கிறுக்கலாக வந்தால் அது நிரலுடையது. ‘ஹெட்டர்’, ‘ரிமார்க்’, ‘ஆட்டம்’ (அணு) என்ற ஆங்கிலச் சொற்களோடு வரிகள் சீராக இறங்கினால் புரதம். ஹீமோகுளோபினின் 4எச்எச்பி ஃபைலில் ‘ஆக்ஸிஜன் டிரான்ஸ்போர்ட்’ என்று முதல் வரியே சொல்லிவிடும்.

ஓர் ஆட்டம் வரியை நிதானமாகப் பாருங்கள். அணுவின் எண், பெயர், அமினோ அமிலம், சங்கிலி, அப்புறம் அணு இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள். முதல் எண்ணுக்கு 31 முதல் 38 வரையிலான இடங்கள், அடுத்தடுத்தவற்றுக்கும் எட்டெட்டு. வரிக்கு 80 எழுத்து என்பது பஞ்ச் கார்டு காலத்துக் கணக்கு. ஓர் இடைவெளி நகர்ந்தாலும் அணுவின் இடம் தப்பாகிவிடும். அதனால் சேமிக்காமலே மூடுங்கள்.

ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். விஷுவல் ஸ்டூடியோவுக்கென்று கிடைக்கும் தயார் கிட்இக்னோர் பட்டியலில், பிடிபி ஃபைல் எதையும் சேர்க்காதே என்று ஒரு வரி உண்டு. நிரலுக்கு அது சரி. திரும்பக் கம்பைல் செய்தால் அந்த ஃபைல் மறுபடி வந்துவிடும். புரதம் அப்படி வராது. எங்கள் மாணவி ஒருத்தியின் மடிக்கணினி பழுதான அன்றுதான், அவள் மாதக்கணக்கில் திருத்திய வடிவங்கள் ஒன்றுகூட கிட்டில் ஏறவில்லை என்று தெரிந்தது. அந்தப் பட்டியலைப் போட்டுக் கொடுத்தவள் நான். அவள் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்றே ‘கிட் செக்-இக்னோர்’ கட்டளையை உங்கள் புரத ஃபைல் ஒன்றின் மேல் ஓட்டுங்கள். ஃபைலின் பெயரைத் திருப்பிச் சொன்னால், அது கிட்டில் ஏறாது என்று பொருள். உடனே கிட்இக்னோர் பட்டியலில் அந்த பிடிபி வரிக்குக் கீழே, ஆச்சரியக்குறி வைத்து உங்கள் புரத ஃபோல்டருக்குள் இருக்கும் பிடிபி ஃபைல்களுக்கு விலக்குக் கொடுங்கள். பிறகு ஃபைல்களைச் சேர்த்து, வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி எண்ணிப் பாருங்கள்.