ரிப்பேருக்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஓடவில்லையா? கம்ப்ரசரைக் குறை சொல்லும் முன்...

ரிப்பேர் முடிந்து பிளக்கைச் செருகினால் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. உடனே "கம்ப்ரசர் போச்சு" என்று முடிவுகட்டுவதுதான் இங்கே அதிகம் செலவு வைக்கும் தவறு. கோளாறு பெரும்பாலும் கடைசியாகக் கைபட்ட இடத்திலேயே இருக்கும். முதலில் இரண்டு விஷயம் பாருங்கள்: உள்விளக்கு எரிகிறதா, பின்பக்கம் என்ன சத்தம்?

சாதாரண ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் விளக்குக்குப் போகும் மின்சாரம் தெர்மோஸ்டாட்டைக் (குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச்) கடந்து போவதில்லை. எனவே விளக்கு எரிந்து, கம்ப்ரசர் சத்தமே இல்லையென்றால் சப்ளை வந்துவிட்டது, வழியில் எங்கோ நிற்கிறது என்று பொருள். குமிழ் 0-வில் இருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம். தெர்மோஸ்டாட்டின் மெல்லிய சென்சார் குழாய் மடங்கி உடைந்தால் உள்ளிருக்கும் வாயு கசிந்து, கான்டாக்ட் சேரவே சேராது. சோதிக்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டுக்கு வரும் லைன் வயரையும் கம்ப்ரசருக்குப் போகும் வயரையும் இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் இணைத்துப் பிறகு பிளக்கைச் செருகுங்கள். ஓடினால் தெர்மோஸ்டாட்தான் பழுது. பச்சை வயர் எர்த். அதை எதோடும் சேர்க்கக் கூடாது. டைமர் உள்ள பழைய ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் என்றால் அவசரப்படாதீர்கள். டிஃப்ராஸ்ட் (உறைபனியை உருக்கும்) நிலையில் இருந்தால் கம்ப்ரசர் அரை மணி நேரம்கூடப் பேசாமல் இருக்கும். அது கோளாறே அல்ல.

"ம்ம்ம்" என்று சில நொடி உறுமி, "டக்" என்று அடங்குகிறதா? கம்ப்ரசர் சுழல முயன்று முடியாமல், ஓவர்லோடு (கம்ப்ரசரைக் காக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. இங்கேதான் பலர் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள். ஓடி நின்றதும் கண்டென்சர் (வெப்பத்தை வெளியேற்றும் குழாய்) பக்க அழுத்தம் கேப்பிலரி என்னும் மெல்லிய குழாய் வழியாக மெல்ல இறங்கிச் சமமாக 5 நிமிடமாவது வேண்டும். கம்ப்ரசரைத் தொடங்கிவைக்கும் பிடிசி ரிலேவும் ஆற வேண்டும்: குளிர்ந்திருக்கும்போது சில பத்து ஓம் காட்டும் அந்தத் தட்டு, சூடானதும் பல ஆயிரம் ஓமுக்கு ஏறி ஸ்டார்ட் வைண்டிங்கை (சுழற்சியைத் தொடங்கிவைக்கும் கம்பிச்சுருள்) ஏறக்குறைய வெட்டிவிடும். சூட்டோடு மறுபடி போட்டால் ஸ்டார்ட்டே கிடைக்காது. ஆறிய பிடிசி ரிலேயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் தட்டு நொறுங்கியிருக்கிறது. (பழைய காயில் ரிலே ஆட்டினால் சத்தம் வரத்தான் செய்யும், அதை வைத்து ஏமாறாதீர்கள்.)

கையில் கிடைத்த ரிலேயையும் ஓவர்லோடையும் மாட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. பின்னில் பொருந்துவதால் மட்டும் அது சரியானதாகிவிடாது. கம்ப்ரசர் மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் கபாசிட்டர் தேவைப்படும் கம்ப்ரசரை அது இல்லாமல் ஓடவிட்டாலும் இதே உறுமல்தான்.

வைண்டிங்கை மல்டிமீட்டரால் பாருங்கள். கம்ப்ரசரின் மூன்று பின்கள் காமன், ரன், ஸ்டார்ட். காமன்–ரன் 12 ஓம், காமன்–ஸ்டார்ட் 18 ஓம் என்றால் ஸ்டார்ட்–ரன் 30 வர வேண்டும். எண்கள் கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும், இந்தக் கூட்டல் கணக்கு மாறாது. ஏதாவது ஒரு ஜோடி ஓப்பன் (தொடர்பே இல்லை) என்று காட்டினால் வைண்டிங் போய்விட்டது. கணக்கு சரியாக இருந்து, புது ரிலே, ஓவர்லோடோடும் உறுமி நின்றால், உறுமும் நேரத்தில் பிளக் பாயின்டில் வோல்டேஜ் எவ்வளவு என்று அளங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் 230 இருந்தது 180-க்குக் கீழே விழுவதுண்டு. அங்கேயும் குறை இல்லையென்றால்தான் கம்ப்ரசர் உள்ளே ஜாம் என்று சொல்லலாம்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு மேற்சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அதன் மூன்று வைண்டிங்கும் ஏறத்தாழ ஒரே ஓம் காட்டும், ரிலேயும் கிடையாது, போர்டுதான் ஓட்டும். அதற்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் கம்ப்ரசர் எரிந்துவிடும்.

படுக்கவைத்து ஆட்டோவில் கொண்டுவந்த ஃபிரிட்ஜைக் குறைந்தது 4 மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள். எண்ணெய் கம்ப்ரசருக்குள் திரும்ப இறங்க வேண்டும். லேபிளில் ஆர்600ஏ என்றிருந்தால் அந்த கேஸ் தீப்பற்றும், அதனால் கசிவு இருக்கிறதா என்று அருகே நெருப்பைக் காட்டிப் பார்ப்பது கூடவே கூடாது.

ஃபிரிட்ஜைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதா? பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசர் பின்களில் இருந்து வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு பின்னுக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடம்புக்கும் இடையே மீட்டர் வையுங்கள். எந்த ரீடிங்கும் வரக் கூடாது. வந்தால் வைண்டிங் அந்த இரும்பு உடம்பைத் தொடுகிறது. எர்த் பின்னை வெட்டிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அப்போது ஃபிரிட்ஜ் ஓடும், கைப்பிடியில் ஷாக்கும் அடிக்கும்.