ஒரு டப்பா, ஒரு கூம்பு: பால்வீதியின் ஹைட்ரஜனை வீட்டிலிருந்தே அளப்பது

பால்வீதியில் பரவிக்கிடக்கும் நடுநிலை ஹைட்ரஜன் 1420.406 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையாக ஒளிர்கிறது. அலைநீளம் 21 செ.மீ. 1951இல் ஈவன், பர்செல் என்ற இயற்பியலாளர்கள் இதை முதன்முதலில் பிடித்தது வாய் விரிந்த ஒரு ஹார்ன் ஆன்டெனாவில்தான். முதல் முயற்சிக்கு டிஷ்ஷைவிட ஹார்னே நல்லது. தரையின் வெப்ப இரைச்சல் அதற்குள் குறைவாகவே நுழையும்.

15 செ.மீ. விட்டமும் 28 செ.மீ. நீளமும் உள்ள, ஒரு பக்கம் மூடிய தகர டப்பா வேண்டும். மூடிய முனையிலிருந்து 9.3 செ.மீ. தள்ளித் துளையிட்டு, 5 செ.மீ. செம்புக் கம்பியை உள்ளே நீட்டுங்கள். திறந்த வாயில் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைக் கூம்பைப் பொருத்தி, அதன் வாய் 60 செ.மீ. விட்டம் வரை விரியச் செய்யுங்கள். பார்வை அகலம் சுமார் 25 டிகிரி இருக்கும். குறி பார்ப்பதில் சிரமமில்லை. கூம்பின் தாளும் டப்பாவின் தகரமும் சுற்றிலும் தொட்டுக்கொள்ள வேண்டும். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

1420 மெகாஹெர்ட்ஸுக்கான பில்டர் உள்ள எல்.என்.ஏ.வை (இரைச்சல் குறைந்த பெருக்கி) கம்பியின் கனெக்டரிலேயே நேராக மாட்டுங்கள். பலரும் தோற்பது இங்கேதான். எல்.என்.ஏ.வுக்கு முன்னால் ஒரு மீட்டர் கேபிள் வந்தாலும், அதில் இழக்கும் சிக்னலைப் பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது. கேபிள் எல்லாம் அதற்குப் பிறகு, எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) வரை.

முதலில் வானத்தையும் தரையையும் மாறிமாறிப் பாருங்கள். தரையைப் பார்க்கும்போது சிக்னல் 3 டெசிபெல்லாவது (இரு மடங்கு) கூடாவிட்டால் இணைப்பில் கோளாறு, அல்லது கெயின் (பெருக்கும் அளவு) அதிகமாகி டாங்கிள் திணறுகிறது.

டியூன் செய்யும்போது 1420.406ஐ நடுவில் வைக்காதீர்கள். நடுவில் டாங்கிளே ஒரு பொய்க்கூர் போடும். 0.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். பால்வீதி செல்லும் சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் திருப்பி 5 நிமிடம் ஸ்பெக்ட்ரத்தை (அதிர்வெண்வாரியான சிக்னல் அளவு) சராசரி எடுங்கள். பிறகு, கெயினைத் தொடாமல், பால்வீதிக்கு வெகுதூரம் விலகிய வானில் இன்னொரு 5 நிமிடம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பில்டரின் வளைவு மறைந்து ஹைட்ரஜன் மேடு எழும். இந்த வகுத்தல் இல்லாமல் பில்டரின் மேட்டையே ஹைட்ரஜன் என்று நம்பிவிட நேரும்.

ஹைட்ரஜன் நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் மேடு 1420.406இலிருந்து நகரும்; 4.74 கிலோஹெர்ட்ஸ் நகர்வு என்றால் வினாடிக்கு 1 கி.மீ. வேகம். சிக்னஸில் பூஜ்ஜிய வேகத்தை ஒட்டி ஒரு மேடும், அதிக அதிர்வெண் பக்கம் நம்மை நோக்கி வரும் பால்வீதியின் வெளிச்சுருள் கரங்களின் மேடுகளும் தெரியும். சாதாரண டாங்கிளின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் படிகம் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிசகினால் வேகக் கணக்கு வினாடிக்கு 15 கி.மீ. தவறும், ஆகவே டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் படிகம்) உள்ளதையே வாங்குங்கள். பூமி சூரியனைச் சுற்றும் வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில், நாம் பார்க்கும் திசையில் விழும் பங்கும் மாதத்துக்கு மாதம் மேட்டை நகர்த்தும். இரண்டு நாள்களின் பதிவை ஒப்பிடும் முன் அந்தப் பங்கைக் கழித்துவிடுங்கள்.