சைக்கிளின் பிரேக், கியர் கேபிள்களை நீங்களே மாற்றலாம்

பிரேக்கை விட்ட பிறகும் லீவர் சோம்பலாகத் திரும்புகிறது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும் செயின், சின்னதற்கு இறங்க மட்டும் அடம்பிடிக்கிறது. உடனே டிரெய்லியரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) உள்ள திருகுகளைத் திருக ஆரம்பிக்காதீர்கள். இறங்கும்போது செயினை நகர்த்துவது ஸ்பிரிங் மட்டும்தான். கேபிளில் துரு, அழுக்கு இருந்தால் ஸ்பிரிங்கின் பலம் போதாது. முதல் சந்தேகம் கேபிள் மீது இருக்கட்டும்.

என்ன வாங்குவது

உள்ளே ஓடும் கம்பி இன்னர், மேலே இருக்கும் குழாய் அவுட்டர். பிரேக் இன்னர் 1.5 அல்லது 1.6 மி.மீ., கியர் இன்னர் 1.1 அல்லது 1.2 மி.மீ. தடிமன். இரண்டிலும் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். துத்தநாகப் பூச்சு போட்டது மலிவு, ஆனால் மழை பார்த்தால் சீக்கிரம் மறுபடியும் இதே வேலைக்கு உட்கார வேண்டும்.

பிரேக் இன்னரின் தலையைப் பார்த்து வாங்குங்கள். நேர் ஹேண்டில்பாருக்குக் குறுக்கே படுத்த உருளைத் தலை, வளைந்த ரேஸ் ஹேண்டில்பாருக்குப் பேரிக்காய் வடிவத் தலை. சில கம்பிகளில் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று இருக்கும், வேண்டாததை வெட்டிவிடலாம்.

அவுட்டரில் பிரேக்குக்கு 5 மி.மீ., கியருக்கு 4 மி.மீ. என்பது வழக்கமான அளவு. வேறுபாடு தடிமனில் மட்டும் இல்லை. பிரேக் அவுட்டருக்குள் எஃகுப் பட்டை ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அதனால் அது சுருங்காது, ஒவ்வொரு கிளிக்கும் அளவு மாறாமல் போய்ச் சேரும். அதே காரணத்தால் அதை பிரேக்குக்குப் போடவே கூடாது. அழுத்திப் பிடித்தால் அந்தக் கம்பிகள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், பிரேக் அந்த நொடியே போய்விடும்.

கருவிகளில் காசு போட வேண்டிய ஒன்றே ஒன்று கேபிள் கட்டர். சாதாரண கட்டிங் பிளேயர் கம்பியை நசுக்கும், புரிகள் விரிந்துவிடும். மற்றபடி 5 மி.மீ. ஆலன் கீ (பழைய வண்டிகளில் 9 அல்லது 10 மி.மீ. ஸ்பேனர்), ஒரு நைஸ் அரம், ஒரு கோணி ஊசி போதும். அவுட்டர் முனைக்கான குப்பிகளையும் இன்னர் நுனிக்கான மூடிகளையும் கூடுதலாக நாலைந்து வாங்கி வையுங்கள், தொலையும்.

கழற்றுவது

கேபிள் போகும் வழியை போனில் படம் எடுங்கள். பெடலைக் கையால் சுற்றியபடி, பின்னாலும் முன்னாலும் செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்குங்கள். அப்போதுதான் ஷிஃப்டருக்குள் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் பாகம்) இருக்கும் கம்பித் தலை, அது வெளியே வரும் வாசலுக்கு நேராக வரும். வேறு கியரில் வைத்துத் தள்ளினால் அசையாது. நேர் ஹேண்டில்பார் பிரேக் லீவரில், திருகுக் குமிழ் (கேபிளின் இறுக்கத்தைக் கையால் கூட்டிக் குறைப்பது), அதன் பூட்டு வளையம், லீவர் மூன்றின் வெட்டுகளும் ஒரே கோட்டில் நின்றால் இன்னர் பக்கவாட்டில் கழன்று வரும்.

கேபிள் ஃபிரேமுக்குள் ஓடும் வண்டியா? பழைய இன்னரை உருவாதீர்கள். நுனியைச் சுத்தமாக வெட்டி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மறுபக்கம் வரும்வரை செருகிவிட்டு, பிறகு இன்னரை இழுங்கள். புதுக் கம்பி அந்தக் குழாய் வழியாகப் போகட்டும். முதலில் உருவிவிட்டால் ஃபிரேமுக்குள் வழி தேடியே பொழுது போகும்.

அவுட்டரை வெட்டுவது: அவசரப்படாதீர்கள்

புது கேபிள் போட்டும் கியர் சரியாக விழவில்லை என்றால் பத்துக்கு எட்டு தடவை காரணம் இங்கேதான்.

பழைய அவுட்டரின் நீளத்துக்கே வெட்டலாம், அது சரியாக இருந்ததா என்று பார்த்த பிறகு. ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எங்கும் விறைக்கக் கூடாது. பின் டிரெய்லியருக்குப் போகும் வளைவு மடங்காமல் நிதானமாக வளைய வேண்டும். அழுக்கும் நீரும் அதிகம் சேர்வது இந்தத் துண்டில்தான். மற்றதை விட்டாலும் இதை மாற்றிவிடுங்கள்.

வெட்டும்போது பழைய இன்னரின் துண்டு ஒன்றை உள்ளே வைத்தபடியே வெட்டுங்கள், குழாய் நசுங்காது. பிறகு துண்டை எடுத்துவிட்டு முனையை அரத்தால் தட்டையாக, நேர்கோணத்தில் ராவுங்கள். பிரேக் அவுட்டரில் எஃகுச் சுற்றின் நுனி கொக்கி போல உள்நோக்கி வளைந்திருக்கும். அதை ராவி எடுக்காவிட்டால் இன்னரை அறுத்துக்கொண்டே இருக்கும். கடைசியாக, மூடிப்போன உள் பிளாஸ்டிக் துளையைக் கோணி ஊசியால் விரித்துவிடுங்கள். குப்பியை முட்டும்வரை செருகி, புது இன்னரை விட்டுப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். உரசினால் அந்த முனையை மறுபடி வெட்டுங்கள்.

முனை சாய்வாக இருந்தால் என்ன ஆகும்? அது குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், கேபிள் தளரும். "புதுக் கம்பி நீண்டுவிட்டது" என்பார்கள். நீள்வது பெரும்பாலும் கம்பியல்ல, அவுட்டர் அமர்வதுதான்.

உள்ளே கெட்டியான கிரீஸை அடைக்காதீர்கள், கியர் கேபிளில் குறிப்பாக. இன்றைய அவுட்டருக்குள் வழுக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு. வேண்டுமானால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய்.

பிரேக்கை மாட்டுவது

திருகுக் குமிழை முழுதாக உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இன்னரைக் கோத்து, பிரேக் கட்டைகளை ரிம்மோடு கையால் அழுத்திப் பிடித்துக் கம்பியை இழுத்து, அதைப் பிடிக்கும் போல்ட்டை முடுக்குங்கள். லீவரைப் பத்துத் தடவை பலமாகப் பிடியுங்கள். கம்பி தளர்ந்திருந்தால் மறுபடி இழுத்து முடுக்குங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இருபக்கமும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். எவ்வளவு அழுத்தினாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது.

கேபிள் டிஸ்க் பிரேக்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை: லீவர் தளர்ந்திருக்கும்போது காலிப்பரின் (பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) கை முழுதாகத் திரும்பிய நிலையில் இருக்க வேண்டும். இடைவெளியைக் குறைக்கக் கேபிளை இறுக்காதீர்கள், பேட் திருகைத் திருப்புங்கள்.

கியரை மாட்டுவது

இங்கும் குமிழை முழுதாக உள்ளே விட்டு ஒரு சுற்று வெளியே. டிரெய்லியரில் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டின் வாஷருக்கு அடியில் கம்பிக்கென்று ஒரு பள்ளம் இருக்கும். கம்பி அதில்தான் படுக்க வேண்டும். போல்ட்டின் மறுபக்கம் போட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் டிரெய்லியர் நகரும் தூரமே மாறிவிடும், நாள் முழுக்கத் திருகினாலும் கியர் ஒத்துவராது. போல்ட்டுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்.

ஃபிரேமில் வெளியே தெரியும் கம்பியை ஓரிரு முறை பலமாக இழுத்து அவுட்டர்களை அமர வைத்துவிட்டு, தளர்வை எடுங்கள். பிறகு ஒரு கிளிக். செயின் இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏற வேண்டும். ஏறத் தயங்கினால் குமிழை வெளியே வரும் பக்கம் கால் சுற்றுத் திருப்புங்கள். மூன்றாவதை உரசினால் உள்ளே. டிரெய்லியர் எதுவரை நகரலாம் என்று எல்லை வைக்கும், எச், எல் என்று குறித்த திருகுகளைத் தொட வேண்டாம். கேபிள் மாற்றியதால் அவற்றின் அளவு மாறாது.

எல்லாம் ஒத்துவந்த பிறகே நுனியை 3 முதல் 5 செ.மீ. விட்டு வெட்டி மூடியை நசுக்குங்கள். புரி பிரிந்த கம்பியை மறுபடி கோக்க முடியாது.

பின்னர் சேர்த்தது: தலை அறுந்து உள்ளே மாட்டிக்கொண்டால்

ரேஸ் ஹேண்டில்பார் ஷிஃப்டர்களில் கம்பி தலைக்கு அருகேயே, உள்ளுக்குள் பிரிந்து அறுவது சகஜம். நன்றாக இருந்த கியர் திடீரென்று கெட்டால், முழுதாக அறுவதற்குள் மாற்றிவிடுங்கள். அறுந்துவிட்டால் இறக்கும் லீவரைக் கடைசிக் கிளிக் வரை அழுத்துங்கள், தலை வாசலுக்கு வரும். மெல்லிய இடுக்கியால் எடுத்து, உதிர்ந்த புரிகளையும் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். ஒன்று தங்கினாலும் ஷிஃப்டருக்குள் இருக்கும் பல்லில் சிக்கும். சிக்கியிருக்கும்போது லீவரைப் பலவந்தமாக அழுத்தாதீர்கள்.

ஏறி ஓட்டும் முன் வண்டியைத் தள்ளிக்கொண்டே இரு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் குமிழை மறுபடி அரைச் சுற்று திருப்ப வேண்டி வரலாம்.