ஞாயிறு ஓட்டத்தைப் பகிர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலைக்கு வந்து பாருங்கள். ஒளிரும் பட்டை போட்ட பனியன்களில் குழு குழுவாக ஆட்கள் நின்று, கடிகாரம் செயற்கைக்கோளைப் பிடிக்கும்வரை கையைத் தூக்கிக் காத்திருப்பார்கள். ஒன்பது மணிக்குள் அத்தனை பேரின் தூரமும் வேகமும் வாட்ஸ்அப்பிலும், ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியிலும் ஏறிவிடும். 2012ஆம் ஆண்டிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பரிசு வாங்கும் ஓட்டக்காரன் அல்லன். வார நாட்களில் அலுவலகம், வார இறுதியில் ஓட்டம் என்று இருப்பவன். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் குழுவில் புதியவர்களோடு பின்வரிசையில் ஓடும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்க்கும்போது, நான் செய்த அதே தவறுகளை அவர்கள் அதே வரிசையில் செய்வது தெரிகிறது.

காலணியை அளவு பார்த்து வாங்குவது, ஓடுவதற்கு முன் உடலைச் சூடேற்றுவது ஆகியவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கூடி ஓடுவதிலும், ஓடியதைப் பகிர்வதிலும், ஒருவரையொருவர் தட்டிக்கொடுப்பதிலும் இருந்தே பிறக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடிகாரத்தின் ‘நகர்ந்த நேரத்தை’ நம்புவது

சிக்னலில் நின்றால், தண்ணீர் குடித்தால், படம் எடுத்தால் கடிகாரம் தானாகவே கணக்கை நிறுத்திவிடும் வசதியைப் பலர் போட்டு வைத்திருக்கிறார்கள். அண்மையில் ஒருவர் 16 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் ஓடியதாகப் பகிர்ந்தார். நகர்ந்த நேரம் ஒரு மணி 44 நிமிடம் என்பது உண்மைதான்; ஆனால் கிளம்பியதிலிருந்து வந்து சேரும்வரை ஆன நேரம் இரண்டு மணி இரண்டு நிமிடம். இடையில் 18 நிமிடம் ஓய்வெடுத்திருக்கிறார். ஓய்வெடுத்ததில் குற்றமில்லை, ஓய்வைக் கழித்துவிட்டு வந்த வேகத்தை வைத்துக்கொண்டு பந்தயத்துக்கு இலக்கு வகுப்பதுதான் குற்றம். பந்தய நாளில் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை.

இன்னொரு சிறு கணக்கும் உண்டு. முறையாக அளக்கப்படும் பந்தயப் பாதை, வளைவுகளை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகிறது. தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்க்கப்படுகிறது. கூட்டத்தில் விலகி விலகி ஓடும் உங்கள் கடிகாரம், 21.1 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானை 21.35 என்று காட்டினால் வியப்பில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க 5 நிமிடம் 41 நொடி வேகம் போதும் என்று எண்ணி ஓடியவர், கடிகாரத்தில் 5:37 காட்டியிருக்க வேண்டும் என்பதை முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் அறிவார்.

ஞாயிறு லாங் ரன்னைப் பந்தயமாக ஓடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பிறர்மேல் வரும் எரிச்சல் மட்டுமல்ல அது. முதன்மையாக என்மேல் வருவது.

2014ஆம் ஆண்டு எனக்கு வயது 41. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் முதல் ஃபுல் மாரத்தானை நான்கரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற ஆசையோடு செப்டம்பரில் பயிற்சியைத் தொடங்கினேன். அதற்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 நொடி வேகம் வேண்டும். ஞாயிறு நெடுந்தூர ஓட்டத்தை மட்டும் 7:15க்குக் குறையாமல், அதாவது பந்தய வேகத்தைவிட மெதுவாக, ஓட வேண்டும் என்று பயிற்சித் தாளில் தெளிவாக இருந்தது. முதல் வாரம் 18 கிலோமீட்டரை அப்படியே ஓடிப் பகிர்ந்தேன். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அதே தூரத்தை 6:20இல் ஓடிய நண்பருக்கோ குழு முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஞாயிறு நான் 6:40இல் ஓடினேன். அதற்கடுத்த ஞாயிறு 6:25. நவம்பரில் 26 கிலோமீட்டரை 6:15இல் முடித்துவிட்டு, கடைசி ஐந்து கிலோமீட்டர் பறந்தேன் என்று எழுதினேன். அன்று வந்த பாராட்டுகளை இரவில் படுக்கையில் ஒருமுறை எடுத்துப் படித்ததும் நினைவிருக்கிறது.

புதன்கிழமை அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போது இடது கணைக்காலின் உட்பக்கத்தில், கணுவுக்கு ஒரு சாண் மேலே, ஏதோ குத்தியது. விரலால் தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் தொடவே முடியவில்லை. கணைக்கால் நெடுகப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசை எலும்போடு சேரும் இடத்து அழற்சி. ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் எலும்பிலேயே விரிசல் இருக்கலாம். இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியாது. ஞாயிறன்று 30 கிலோமீட்டர் போனேன். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில், திருவான்மியூர் அருகே, நடைபாதையில் உட்கார்ந்தவன் எழவில்லை. வீட்டுக்கு ஏற்றிவந்த ஆட்டோக்காரர், “யார் சார் துரத்தினது?” என்று கேட்டார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இத்தகைய விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம் என்பதை அறியாத நான், மகிழ்ச்சியோடு மேலும் பத்து நாள் நொண்டி நொண்டி ஓடினேன். பிறகு எம்ஆர்ஐயில் விரிசல் தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டம் இல்லை. மாரத்தான் அன்று சாலையோரத்தில் நின்று, என்னோடு பயிற்சி தொடங்கியவர்களுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சும் இதயமும் பழகிவிடுகின்றன. ஆகவே வேகமாக ஓடுவது எளிதாகத் தோன்றுகிறது. எலும்பு அப்படியன்று. அதிர்ச்சிக்கு உள்ளான எலும்பில் உடல் முதலில் பழைய பகுதியைச் சுரண்டி எடுக்கிறது, அதன் பிறகே புதியதைப் பூசுகிறது. இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஞாயிறுதோறும் பந்தயம் ஓடினால், சுரண்டும் வேலை நடக்கும். பூசும் வேலைக்கு அவகாசம் இருக்காது.

சென்னையில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. செப்டம்பர் மாதத்து விடியற்காலையிலேயே வெப்பம் 26, 27 டிகிரி இருக்கும். காற்று ஈரம் சுமந்து நிற்பதால் வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டும். உடல் குளிர வழியில்லாமல், வேகம் கூடாதபோதும் இதயத்துடிப்பு மட்டும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகும். 900 மீட்டர் உயரத்தில், 20 டிகிரி குளிரில் பெங்களூரு உறவினர் ஓடிய வேகத்தை அதே காலையில் பார்த்துவிட்டு, “நாமும் ஓடலாமே” என்று கிளம்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன்.

எந்த வேகம் சரி என்பதற்குப் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லைப் பயிற்றுவித்தவர். அவரே ஆக்லாந்தில் நடுவயது மனிதர்களையும், மாரடைப்பு கண்டவர்களையும் கூட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடவைத்தார். 1962 இறுதியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேனால் அந்தக் கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியவில்லை. மாரடைப்பு கண்டு மீண்ட, 70 வயதைக் கடந்த ஒருவர் பின்தங்கி அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடினார். பிற்காலத்தில் நைக்கியாக மாறிய நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்தான் இந்தப் பவர்மேன். பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டு வாடகை ஏறியதைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. “ம்”, “ஆமா” என்று மட்டும் வந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். வியன்னாவில் 2019 அக்டோபரில் 42.195 கிலோமீட்டரை ஒரு மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடிய கென்ய வீரர் கிப்சோகேகூட, எளிய நாட்களில் பந்தய வேகத்தை நெருங்குவதே இல்லை. நமக்கு மட்டும் ஞாயிறுதோறும் சாதனை தேவைப்படுகிறது.

சென்ற மாதம் ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருவர், இதே நான்கரை மணி இலக்கோடு, நெடுந்தூர ஓட்டத்தை 6:10இல் ஓடிப் பகிர்ந்திருந்தார். தனியாக அழைத்துச் சொன்னேன். “மெதுவா ஓடினா போடவே கூச்சமா இருக்கு அண்ணா” என்றார். வேகத்தை மட்டும் மறைத்துப் பகிரும் வசதி ஸ்ட்ராவாவில் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். தூரம் தெரியட்டும், படம் தெரியட்டும், வேகத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால், ஓடிய அன்று எதையும் பகிராமல் திங்கட்கிழமை பகிருங்கள். ஒரு நாள் ஆறினால் அந்த எண்ணின் கவர்ச்சி பாதியாகிவிடும்.

‘வலியோடு முடித்தேன்’ என்ற பதிவுக்குக் கைதட்டுவது

என் கணைக்கால் வலிக்கிறது என்று அந்தப் புதன்கிழமை குழுவில் எழுதியிருந்தேன். “மனசுதான் காரணம்”, “விடாதீங்க தலைவா”, தசை பிடித்த கையின் படம் ஐந்து: இவைதான் பதில்கள். எழுதியவர்கள் எல்லாரும் நல்லவர்கள், என்மேல் அன்புள்ளவர்கள். ஆனாலும் எங்கே வலிக்கிறது, தொட்டால் வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதிக்க முடிகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் குழுவில் எலும்பு மருத்துவர் ஒருவரும் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் அன்று செய்திகளைப் பார்க்கவில்லை. ஊக்கம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். ஓடாமல் ஓய்வெடுத்தேன் என்று ஒருவர் எழுதினால், அதற்கும் அதே கட்டைவிரலைக் காட்டுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவது

சிறுநீரகம் கெடலாம். கூடாது.

தாகமில்லாமல் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவது

நீர் வற்றிவிடும் என்று பயமுறுத்தி வைத்திருப்பதால், மெதுவாக ஓடும் புதியவர்கள் வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு குவளை குடிக்கிறார்கள். அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் மரணம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய பெண் ஒருவர் இதனால்தான் இறந்தார். அதே பந்தயத்தில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நேரம் அதிகம் எடுத்துக்கொண்டவர்களும் ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் அவர்களில் மிகுதி. தாகத்துக்குக் குடியுங்கள். உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ ஓட்டம் முடிந்தபின் நல்லது என்றாலும், அதையும் வயிறு முட்டக் குடிக்க வேண்டியதில்லை.

வீட்டு வாசலிலிருந்தே வரைபடத்தைப் பகிர்வது

நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் தனியாகக் கிளம்புகிறீர்கள், எந்தச் சந்தில் திரும்புகிறீர்கள் என்பதை மூன்று வாரப் பதிவுகள் சொல்லிவிடும். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் ஒளிர்ந்து, 2018 ஜனவரியில் பெரும் சிக்கலானது. முகாமுக்கே அந்த நிலை. பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது; பெண்கள் இதை முதல் நாளே செய்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மூவர் மூவராகச் சாலையை அடைத்து ஓடுவது

பேருந்து ஓட்டுநருக்கு உங்கள் இலக்கு தெரியாது. வலப்புறம், வண்டிகளை எதிர்நோக்கி, ஒருவர்பின் ஒருவராக.

கடைசியில் வருபவரைக் கடந்துபோவது

2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், பார்க்ரன் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. அதில் எல்லாருக்கும் பின்னால் நடந்துவரத் தன்னார்வலர் ஒருவர் இருப்பார்; ஆகவே கடைசி இடம் என்றும் அவருக்கே. எங்கள் குழுவில் அப்படி எதுவும் இல்லாத காலத்தில், ஐம்பது வயதில் ஓட வந்த அம்மா ஒருவர் ஐந்து கிலோமீட்டரை 52 நிமிடத்தில் முடித்துப் பகிர்ந்தார். அதற்கு மேலும் கீழும் இருந்த பதிவுகளுக்கெல்லாம் பாராட்டு, அவருடையதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது கால்வலி என்றார். பிறகு, “நான் வந்து சேர்றதுக்குள்ள வாழைப்பழக் கூடையை வண்டியில ஏத்திடுறாங்க தம்பி” என்றார். அன்றிலிருந்து பின்வரிசை முழுதும் வந்து சேரும்வரை கூடையைத் தூக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இப்போது வருகிறார். போன ஞாயிறு 49 நிமிடம்.